பழைய வீட்டில் பருவந்தோறும் ஒரு பாடம்

ஒரு பழைய வீட்டைப் பாதுகாப்பது ஒன்று. அவ்வீட்டில் நடந்த வாழ்வைப் பாதுகாப்பது மற்றொன்று. முன்னதற்குச் சுண்ணாம்பும் மரமும் போதும். பின்னதற்கு மனிதர் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துச் செய்யும் முறையொன்று பல நாடுகளில் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. குறிப்பிட்ட பருவங்களில், வார இறுதி நாட்களில், பழைய வீடொன்றைத் திறந்துவைத்து, அக்காலத்துத் தொழிலை அக்காலத்துக் கருவிகளைக் கொண்டே செய்துகாட்டுவதுதான் அம்முறை. நெசவாளரும் விவசாயிகளும் அங்கம் வகிக்கும் நமது சங்கங்களுக்கு இதில் என்ன வேலை என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹாசீலியஸ் என்ற அறிஞர், தொழிற்சாலைகளின் வரவால் கிராமத் தொழில்கள் மறைவதைக் கண்டு கவலையுற்றார். உருட்டு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய குடியானவர் வீடு ஒன்றை 1885இல் அவர் வாங்கினார். மூலைகளில் மரங்களை வெட்டிப் பொருத்தியிருந்தமையால், அவ்வகை வீட்டைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் மீண்டும் அடுக்குதல் எளிது. 1891இல் ஸ்டாக்ஹோம் நகரில் அவர் தொடங்கிய ‘ஸ்கான்சென்’ என்னும் திறந்தவெளிக் காட்சிச்சாலையில் அவ்வீடு இடம்பெற்றது. அங்கே வீட்டோடு வேலையும் பண்டிகையும் காட்டப்பட்டன. உருட்டு மர வீடு கட்டும் வழக்கத்தைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே சுவீடன் நாட்டுக் குடியேறிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றிருந்தனர். அத்தகைய வீடுகள் பலவற்றில் இன்று பருவத்துக்கேற்ப நூற்றலும் சமையலும் செய்துகாட்டப்படுகின்றன.

நம் மாநிலத்தில் இதற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா ஆகும். டெபோரா தியாகராஜன் அவர்களின் முயற்சியால் 1984இல் அமைந்த மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதனை உருவாக்கியது. 1996இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டட அமைப்புக்கு லாரி பேக்கர் வழிகாட்டினார். தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து இங்கே மீண்டும் எழுப்பியுள்ளனர். கேரளத்துப் புதுப்பள்ளி மர வீடும், செட்டிநாட்டு வணிகர் வீடும், நெசவாளர் வீடும் அவற்றுள் அடங்கும். கைவினைஞர் வேலை செய்வதை அங்கே நேரில் காணலாம். பொங்கல் முதலிய பண்டிகைகளும் கொண்டாடப்படுகின்றன.

இதன் பயன் யாது? குழித்தறியை எடுத்துக்கொள்வோம். தறி தனியே நின்றால் அது வெறும் மரச்சட்டம். நெசவாளர் குழியில் காலிறக்கி மிதியை மிதிக்கும்போதுதான், குழி எதற்கென்பது விளங்கும். மண்ணின் ஈரம் பாவு நூல் அறாமல் காக்கிறது என்பதும் விளங்கும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும் வேலையை ஏன் விடியற்காலையில் தொடங்கினார்கள் என்று கேட்கும் சிறுவனுக்கு, வெயில் ஏறினால் கஞ்சி சீராகப் பரவுமுன் காய்ந்துவிடும் என்பதை அந்த நேரத்தில் அங்கு நின்றால் யாரும் சொல்லவேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் சொத்துப் பதிவேட்டைத் தணிக்கை செய்தபோது, ‘பழைய தறி, உபயோகமற்றது’ என்ற பதிவைக் கண்டேன். விதிப்படி அதைத் தள்ளுபடி செய்யப் பரிந்துரைத்துக் கையொப்பமிட்டவன் நானே. தறி விறகாயிற்று, குழியும் மூடப்பட்டுச் சிமெண்டுத் தரையாயிற்று. அடுத்த ஆண்டு, விழுது கட்டக் கற்க விரும்பி ஓர் இளைஞர் வந்தார். கற்பிக்கக்கூடிய முதியவர் இருந்தார், தறி இல்லை. முதியவர் மறைந்தபின் தறி கிடைத்திருந்தாலும் பயனில்லை. கணக்கு சரியாக இருந்தும் சங்கத்துக்கு நட்டம் நேர்ந்ததை அன்று உணர்ந்தேன்.

ஜெயமங்கலம் போன்ற ஊரில் பெரிய காட்சிச்சாலை எழுப்ப வேண்டியதில்லை. வராக நதிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர் இது. ஆண்டிபட்டிப் பக்கம் தறி அறிந்த குடும்பங்களும் உண்டு. இடியாமல் நிற்கும் ஒரு பழைய வீடும், ஆண்டுக்கு மூன்று வார இறுதிகளும் போதும். ஆடியில் விதை தேர்தலும், கமலை இறைத்த முறையும் காட்டலாம். தையில் களத்தில் பிணையல் மாடுகளைக் கட்டிப் போரடித்து, குலுக்கையில் நெல் சேர்க்கலாம். மழையற்ற மாசியில் பாவு ஓட்டி, தார் சுற்றி, தறியில் ஏற்றலாம்.

இதில் கவனிக்கவேண்டியவை சில உண்டு. செய்துகாட்டும் தொழிலாளருக்கு அன்றைய கூலியைக் குறைவின்றித் தரவேண்டும். கௌரவம் மட்டும் தந்து அனுப்புதல் கூட்டுறவு ஆகாது. மிகப் பழைய கருவிகளைக் காட்சிக்கு வைத்து, வேலைக்கு அவற்றைப் போன்றே செய்த புதியவற்றைப் பயன்படுத்தவேண்டும். நுழைவுக் கட்டணம், துணி விற்பனை, செலவு ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு வைத்து, பொதுக்குழுவின் ஒப்புதல் பெறவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழங்காலத்தை இனிப்பாகவே காட்டலாகாது. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்றதும், வேலை நின்றால் கூலி நின்றதும், அக்கூலிக் குறையை வட்டிக்கடன் நிரப்பியதும் உண்மை. அந்த வீட்டிலேயே அதையும் எடுத்துச் சொன்னால்தான், நெசவாளரும் விவசாயிகளும் ஏன் சங்கம் அமைத்தார்கள் என்பது இளைஞருக்குப் புரியும்.

அங்கத்தினர்கள் தங்கள் ஊரில் எஞ்சியுள்ள தறி, கமலைச் சாமான், குலுக்கை ஆகியவற்றையும், அவற்றைக் கையாளத் தெரிந்த முதியோரையும் ஒரு பட்டியலாக எழுதிச் சங்கச் செயலாளரிடம் தரவேண்டுகிறேன். பொருளின் பெயருக்கு எதிரே அதனை அறிந்தவரின் வயதையும் குறியுங்கள். எந்த வேலையை முதலில் தொடங்கவேண்டும் என்பதை அந்த வயதே நமக்குக் கூறிவிடும்.