கட்டுமரத்தில் மரம் செதுக்கும் நுட்பம்: புதுச்சேரிக் கடற்கரையை முன்வைத்து

முன்னுரை

கட்டுமரம் என்னும் பெயர் கட்டுதலையே முன்னிறுத்துகிறது. மரங்களைக் கயிற்றால் பிணைத்தமையால் இப்பெயர் பெற்றது என்னும் விளக்கத்தோடு பலரும் அமைந்துவிடுகின்றனர். ஆயின் கயிறு பிணைப்பது, முன்னரே ஒன்றோடொன்று பொருந்துமாறு செதுக்கப்பட்ட மரங்களையே. அச்செதுக்கல் நுட்பத்தையும் அது அருகியதன் காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செதுக்கும் முறை

கட்டுமரத்திற்கு அல்பீசியா போன்ற எடை குறைந்த மரங்களே ஏற்றவை. பட்டை நீக்கிய அடிமரம் கோடரியாலும் வாய்ச்சியாலும் உருப்பெறுகிறது. நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் பக்க மரங்கள் உயர்ந்தும் அமைவதால், மேற்பரப்பு ஆழமற்ற தொட்டிபோல் குழிகிறது. உருண்டையான மரங்கள் அருகருகே கிடந்தால் ஒரு கோட்டளவிலேயே தொடும். அலை மோதும்போது உருளும். எனவே தொடும் பக்கங்கள் தட்டையாக்கப்படுகின்றன. அலையைக் கிழித்து மேலேறும்பொருட்டு முன்முனை கூராக்கப்பட்டு மேல்நோக்கி வளைகிறது. முன்னும் பின்னும் வைத்துக் கட்டப்படும் குறுக்குக்கட்டை ஆடாமல் பொருந்த வேண்டுமாயின், அது அமரும் இடம் சீராக இருத்தல் வேண்டும்.

மிதப்பும் இழப்பும்

படகு தன் உட்குழிவால் மிதக்கிறது; கட்டுமரமோ மரத்தின் எடைக்குறைவால் மட்டுமே மிதக்கிறது. உலர்ந்த அல்பீசியா ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடையுடையது. அதே அளவு நீரின் எடை 1000 கிலோ. ஆகவே செதுக்கி எறியப்படும் ஒவ்வொரு 10 லிட்டர் மரமும் சுமக்கும் திறனில் ஏறத்தாழ 7 கிலோவைக் குறைக்கிறது. குறையச் செதுக்கினால் பொருத்தம் கெடும். மிகச் செதுக்கினால் மிதப்புக் குறையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை அறிவதே தச்சனின் தேர்ச்சி.

நீரில் ஊறிய மரமும் மிதப்பை இழக்கும். அதனால் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவது வழக்கம். மீண்டும் அதே வரிசையில் விரைந்து பிணைப்பதற்கு வழிசெய்வது செதுக்கிய பொருத்தமே.

துறைமுகமும் மாற்றமும்

இயற்கைத் துறைமுகம் இல்லாத புதுச்சேரியில் கப்பல்கள் கரைக்கு அப்பாலேயே நங்கூரமிட்டன. அலை உடையும் கரையைக் கடக்கச் சலங்கும் கட்டுமரமும் பயன்பட்டன. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூல் வழியே கட்டுமரம் ஆங்கிலத்தில் அறிமுகமானது. பின்னர் அச்சொல் இரு உடல்கள் கொண்ட படகைக் குறிப்பதாயிற்று. பொருந்தச் செதுக்கிய மரங்கள் என்னும் அடிப்படைக் கருத்து அதில் இல்லை.

இன்று அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகம் உள்ளது. விசைப்படகுகளைக் கட்டிவைக்க அங்கே அமைதியான நீர் கிடைக்கிறது. மணலில் ஏற்றி அவிழ்த்துவைக்கத்தக்க கலத்தின் தேவை இதனால் குறைந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின.

முடிவுரை

கண்ணாடியிழைப் படகு அச்சில் வார்க்கப்படுவது. ஒரே அச்சிலிருந்து பல படகுகள் பிறக்கும். கட்டுமரத்திற்கு அச்சில்லை, அதன் அளவுகள் தச்சரின் கண்ணிலும் கையிலும் நிலைபெற்றவை. அருங்காட்சியகத்தில் ஒரு கட்டுமரத்தை வைப்பதால் அதன் வடிவம் காக்கப்படும். செதுக்கும் அறிவு காக்கப்படாது. எஞ்சியுள்ள தச்சர்களிடம் கருவிப்பெயர், உறுப்புப்பெயர், வேலை வரிசை ஆகியவற்றை வட்டார வழக்கிலேயே பதிவு செய்தல் தமிழாய்வு உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.