புரோட்டானை நிறுத்தும் பென்சில் கரி!

உங்கள் பென்சிலைக் கொஞ்சம் கையில் எடுங்கள், குட்டீஸ். கீழே விழுந்தாலே உள்ளே இருக்கிற கரி 'படக்' என்று உடைந்துவிடும். எழுதினால் தேய்ந்துவிடும். அதில் கலந்திருக்கும் கிராஃபைட் என்ற கரிப்பொருளை நம்பித்தான், உலகிலேயே மிகப் பெரிய விஞ்ஞான இயந்திரம் ஒன்று உருவாக்கப்பட்டது என்றால் நம்புவீர்களா?

அந்த இயந்திரத்தின் பெயர் எல்.எச்.சி. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சந்திக்கும் எல்லையில், ஜெனீவா நகரத்துக்குப் பக்கத்தில், பூமிக்கு அடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 27 கிலோ மீட்டர் சுற்றளவுள்ள வட்டமான சுரங்கம் அது. 'செர்ன்' என்ற ஆராய்ச்சி நிலையம் இதைக் கட்டி, 2008ல் முதன்முதலாக இயக்கியது. அணுவின் நடுவில் இருக்கும் புரோட்டான்களை எதிரெதிர் திசையில் விரட்டி, நேருக்கு நேர் மோதவிட்டு, சிதறுவது என்னென்ன என்று ஆராய்வதுதான் இதன் வேலை. 2012ல் 'ஹிக்ஸ் போசான்' என்ற துகள் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான்.

புரோட்டான்கள் எவ்வளவு வேகமாக ஓடும் தெரியுமா? 27 கிலோ மீட்டர் சுரங்கத்தை ஒரே விநாடியில் 11 ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றிவிடும். முழு வேகத்தில் ஒளியோடு பந்தயம் விட்டால், விநாடிக்கு 3 மீட்டர்தான் பின்தங்கும்!

இப்படி ஓடும் புரோட்டான் கூட்டத்துக்குக் 'கற்றை' என்று பெயர். ஒரு கற்றையில் சுமார் 300 லட்சம் கோடி புரோட்டான்கள் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால், சாப்பாட்டில் போடும் தூள் உப்பின் ஒரே ஒரு துகளில் லட்சத்தில் ஒரு பங்குதான் வரும். ஆனால், முழு வேகத்தில் ஓடும்போது அதற்குள் இருக்கும் ஆற்றல் 362 மெகா ஜூல். 400 டன் எடையுள்ள ரயில், மணிக்கு 150 கிலோ மீட்டர் வேகத்தில் பாய்ந்து வருமே, அந்த அளவு! ரயிலாவது அகலமாக இருக்கும். இந்தக் கற்றையின் தடிமனோ ஒரு மில்லி மீட்டர் அளவுதான்.

காந்தங்கள்தான் இதை வளைத்து வளைத்துப் பாதையில் ஓடவிடுகின்றன. ஒரு காந்தம் சற்றே தடுமாறினாலும் கற்றை தடம் புரண்டு சுவரில் இடிக்கும். அப்புறம்?

அதற்கு ஒரு சாம்பிள் 2004ல் கிடைத்தது. எல்.எச்.சி.,க்குப் புரோட்டான்களை அனுப்பி வைக்க, அதே செர்னில் இன்னொரு சிறிய முடுக்கி உண்டு. அந்த ஆண்டு அக்டோபரில் சோதனை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காந்தத்தில் கோளாறு. கற்றை போக வேண்டிய குழாயின் சுவரிலேயே பாய்ந்தது. குழாயில் 25 சென்டி மீட்டர் நீளத்துக்குக் கிழிசல்! இத்தனைக்கும் அந்தக் கற்றையில் இருந்தது வெறும் 2.5 மெகா ஜூல். எல்.எச்.சி., கற்றையில் அதைப்போல 140 மடங்குக்கு மேல் இருக்கிறது. யப்பா!

அப்படியானால் கற்றையைத் தடுத்து நிறுத்த என்ன வைப்பது? 'நல்ல கெட்டியான இரும்பு', 'கனமான உலோகம்' என்றுதான் நமக்குத் தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

டங்ஸ்டன் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்வோம். குண்டு பல்பில் மினுமினுக்கும் கம்பி இதில் செய்ததுதான். மகா கனம், 3,400 டிகிரி வரை சூடாக்கினாலும் உருகாது. 2012ல் செர்ன் விஞ்ஞானிகள் டங்ஸ்டன் கலவையில் செய்த துண்டுகள் மீது புரோட்டான் கற்றையைப் பாய்ச்சி, அதிவேக கேமராவில் படம் பிடித்தனர். பட்டாசு வெடித்ததுபோல உலோகத் துகள்கள் சீறிக்கொண்டு வெளியே பறந்தன!

காரணம் இதுதான். கனமான உலோகத்தில் அணுக்கள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு அணுவும் பெரியதாகவும் இருக்கும். உள்ளே நுழையும் புரோட்டான் உடனே ஓர் அணுவின் நடுவில் மோதும். அதிலிருந்து தெறிக்கும் துகள்கள் பக்கத்து அணுக்களில் மோதும். மொத்த ஆற்றலும் சில சென்டி மீட்டருக்குள்ளேயே குவிந்து வெப்பமாகிவிடும். சூடானால் பொருள் விரியும் என்று படித்திருக்கிறீர்கள்தானே? இங்கே விரிவதற்குக்கூட நேரம் இல்லை. எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். விரிய முடியாத உலோகம் உள்ளுக்குள்ளேயே முட்டி மோதி, அதிர்ச்சி அலை கிளம்பி, உடைந்துவிடுகிறது. கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் காபியை ஊற்றினால் 'டக்' என்று விரிசல் விடுமே... அதேதான், பல்லாயிரம் மடங்கு வேகத்தில்.

கார்பன் அணுக்களால் ஆன கிராஃபைட் லேசானது. புரோட்டானை வாசலிலேயே மடக்காமல், உள்ளே போகவிட்டு, பல மீட்டர் தூரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தை, கையை விறைப்பாக வைத்துப் பிடித்தால் விரல் போய்விடும். பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் வலிக்காது இல்லையா? கரி செய்வது அந்த வித்தைதான். கார்பன் சூட்டில் லேசில் உருகாது. மிகக் குறைவாகத்தான் விரியும் என்பதும் கூடுதல் வசதி.

எல்.எச்.சி.,யின் பிரேக் இந்தக் கரிதான். சுமார் 8 மீட்டர் நீளம், 70 சென்டி மீட்டர் விட்டத்தில், உருளை வடிவக் கிராஃபைட். ஒரு கற்றைக்கு ஒன்று வீதம் இரண்டு உருளைகள். ஒவ்வொன்றுக்கும் எஃகு உறை. அதைச் சுற்றி பல நூறு டன் கான்கிரீட்டும் இரும்பும். உறைக்குள் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் வாயு. ஏன்? கற்றை பாய்ந்ததும் கரி ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடாகும். காற்று பட்டால் இஸ்திரிப் பெட்டிக் கரி மாதிரி கனன்று எரியத் தொடங்கிவிடுமே!

வளையம் முழுக்க சுமார் 4 ஆயிரம் கருவிகள், கற்றையிலிருந்து துகள்கள் சிந்துகின்றனவா என்று காவல் காக்கும். ஏதாவது ஒன்றுக்குச் சந்தேகம் வந்தால் போதும், கற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் வெளியேற்றப்படும். ரயில் தண்டவாளத்தில் லைன் மாற்றுவது போல, தனிக் காந்தங்கள் அதைக் கரி உருளையின் பக்கம் திருப்பிவிடும். இந்தக் காந்தங்கள் முழு பலம் பெற, விநாடியில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் வரும் புரோட்டான்கள் பாதி திரும்பி, சுவரில் இடித்துவிடுமே? அதற்காகவே கற்றையில் சுமார் 900 மீட்டர் நீளத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். பலே கெட்டிக்காரர்கள்!

இன்னொரு தந்திரமும் உண்டு. ஜிலேபி பிழியும் மாஸ்டர் கையை ஒரே இடத்தில் வைத்திருந்தால் மாவு கட்டியாக விழும். சுழற்றினால்தான் வளையமாக வரும். அதேபோல, கற்றை ஒரே புள்ளியில் பாயாமல், உருளையின் முகத்தில் வளையமாகப் படியும்படி வேறு சில காந்தங்கள் சுழற்றிவிடும். அப்படிச் சுழற்றாமல் விட்டால் கரியே தாங்காது.

இவ்வளவு செய்தும் கரி உருளைகள் சும்மா இருக்கவில்லை. சில ஆண்டுகள் ஓடிய பிறகு, எஃகு உறையில் நைட்ரஜன் கசிவது தெரிந்தது. சென்சார் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு முறை கற்றை பாயும்போதும் கனமான அந்த உருளை அதிர்ந்து, சில மில்லி மீட்டர் நகர்ந்திருக்கிறது! 2019 முதல் இயந்திரத்தைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த சமயத்தில், உருளைகளை மாற்றி, எஃகுக் கம்பி வடங்களில் தூளி மாதிரித் தொங்கவிட்டார்கள். 'ஆடணுமா? நல்லா ஆடிக்கோ' என்று!

அடி விழுவது எப்போதாவது ஒரு முறை என்றால் கரி சரி. ஓயாமல் விழுந்தால்? அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் 2006ல் இயங்கத் தொடங்கிய முடுக்கி, விநாடிக்கு 60 முறை புரோட்டான்களால் அடிக்கும். நியூட்ரான் என்ற துகள்களைத் தெறிக்கவைத்து ஆராயத்தான் இந்த அடி. அதை வாங்கிக்கொள்வது எது தெரியுமா? பாதரசம்! பழைய தெர்மாமீட்டரில் இருக்குமே, அதேதான். திரவம் என்பதால் அதில் விரிசல் விழாது. சூட்டையும் சுமந்துகொண்டு ஓடிவிடும். ஆனால், அடி விழும்போது அதில் குட்டிக் குட்டி வெற்றிடங்கள் தோன்றி, மறு கணம் உடையும். அப்படி உடையும்போது எஃகுப் பாத்திரத்தின் உட்சுவரைக் கொத்திக் கொத்திப் பள்ளமாக்கிவிடும். இதற்கும் வழி கண்டார்கள்: பாதரசத்துக்குள் ஹீலியம் வாயுவைச் சின்னச் சின்னக் குமிழ்களாக ஊதினார்கள். அந்தக் குமிழ்கள் பஞ்சு மெத்தை மாதிரி நசுங்கி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. பள்ளங்கள் குறைந்துவிட்டன.

செர்னில் அடுத்த கட்டமாக எல்.எச்.சி.,யை இன்னும் பலப்படுத்தும் வேலை நடக்கிறது. அது முடிந்தால் ஒரு கற்றையின் ஆற்றல் 680 மெகா ஜூலை எட்டும்; கிட்டத்தட்ட இரண்டு ரயில்! அதற்காக மாலிப்டினம் கலந்த புதுவகைக் கிராஃபைட்டைச் செய்து, கற்றையால் அடித்து அடித்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கற்றைக்கு மிக அருகில் நின்று, பாதை தவறும் புரோட்டான்களைப் பிடிக்கிற தடுப்புகளில் இந்தப் புதுக் கரிக்குத்தான் இடம்.