டேப்லெட்டில் வாங்கிய காமிக்ஸ் யாருக்குச் சொந்தம்?

தருமபுரி புத்தகத் திருவிழாவில் ஒரு காமிக்ஸ் வாங்கினால் அது உங்கள் சொத்து. அண்ணன் படித்து, தம்பி படித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை அட்டையைக் கிழித்து, கடைசியில் பழைய புத்தகக் கடைக்குப் போகும்வரை அதில் வேறு யாருக்கும் உரிமை கிடையாது. அதே கதையைக் காசு கொடுத்து டேப்லெட்டில் இறக்கினால், பெரும்பாலான கடைகளில் உங்களுக்குக் கிடைப்பது படித்துக்கொள்ளும் அனுமதிதான். பொத்தானில் 'வாங்கு' என்றுதான் இருக்கும். யாரும் படிக்காத நிபந்தனைகளில் 'உரிமம்' என்று இருக்கும். அதை விற்க முடியாது, பெரும்பாலும் இரவலும் தர முடியாது.

வாங்கியதைக் கடையே திரும்பப் பறித்ததும் நடந்திருக்கிறது. 2009-ல் உரிமைச் சிக்கல் எழுந்ததும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, காசு கொடுத்தவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்து, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்களும் கடையோடு போயின. பணம் மட்டும் திரும்பியது. டிஜிட்டல் காமிக்ஸ் என்றாலே காமிக்ஸாலஜி என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 2014-ல் அமேசான் அதை வாங்கியது. 2023 டிசம்பரில் அந்தச் செயலி கிண்டிலுக்குள் கரைந்துபோனது.

நமக்கு நெருக்கமானது அம்புலிமாமாவின் கதை. 1947-ல் தொடங்கிய இதழ் அது. 2007-ல் ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. பழைய இதழ்கள் இணையத்தில் ஏறின. பின்னர் நிறுவனம் நொடித்தது, 2013 வாக்கில் அச்சு நின்றது, சில ஆண்டுகளில் இணையதளமும் போயிற்று. கரையான் தின்றது போக, அச்சடித்த அம்புலிமாமா இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கிறது.

இதைச் சொல்வதால் டேப்லெட் வேண்டாம் என்று பொருளில்லை. 1984 முதல் 2005 வரை வந்த ராணி காமிக்ஸ் பெட்டிக்கடையிலேயே தொங்கியது. இன்று அரூரிலோ பென்னாகரத்திலோ கடையில் காமிக்ஸ் கேட்டால் கிடைப்பது அரிது. சிவகாசிக்குச் சந்தா கட்டி முத்து, லயன் காமிக்ஸை வரவழைக்கலாம், அல்லது புத்தகத் திருவிழா வரை பொறுக்கலாம். அந்த இடைவெளியில்தான் திரை நுழைகிறது. டெலிகிராமில் சுற்றும் ஸ்கேன் பி.டி.எஃப்களும் நுழைகின்றன.

'பழைய காமிக்ஸ்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?' என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். முத்து காமிக்ஸ் 1972-ல் முதலில் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர். அந்தப் பழைய கதைகளின் உரிமையை ரெபெல்லியன் என்ற நிறுவனம் 2018-ல்தான் வாங்கியது. ஆக, கதை பழசானாலும் அதற்கு உரிமையாளர் இருக்கிறார். தெரிந்தே மீறினால், அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி பொதுவாக 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். குறைந்த பிரதிகளில் ஓடும் தமிழ் காமிக்ஸுக்கு ஒவ்வொரு ஃபார்வர்டும் ஒரு வாசகரை இழப்பதுதான். சட்டத்தைவிட எனக்கு இதுவே பெரிதாகத் தெரிகிறது. தாராளமாகப் பகிர வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியானவை என்பதால் இறக்கலாம், அச்சிடலாம், கொடுக்கலாம். சித்தேரி மலைக்கோ வத்தல்மலைக்கோ போகிறவர்கள், சிக்னல் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

'இலவச காமிக்ஸ் ஆப்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடவே வேண்டாம். படம் பார்க்கும் ஆப்புக்கு உங்கள் எஸ்.எம்.எஸ். எதற்கு? அதைக் கேட்டாலே அது உங்கள் ஓ.டி.பி.க்கு வந்த ஆள். பணம் போய்விட்டால் அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, 1930-ஐ அழையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது உங்கள் தலையில்தான்.

ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்து மறந்துவிட்ட சந்தா இன்னொரு தொல்லை. தானாகப் பணம் எடுக்கும் முன், பொதுவாக 24 மணி நேரம் முன்னதாகவே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, யு.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோ பே' பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். அப்பா போனில் பிள்ளை தட்டிவிட்ட கூகுள் பிளே கட்டணம் என்றால், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கிய காமிக்ஸ் மறைந்துவிட்டது, பணமும் வரவில்லை என்றால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி இது. கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்திலேயே மனு போடலாம். பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நிபந்தனையே அநியாயம் என்று எதிர்ப்பதானால் மட்டும் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ரசீது, பணம் போன குறுஞ்செய்தி, 'வாங்கு' என்றிருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இவையே உங்கள் சாட்சிகள். இலவச ஆப்புக்கு இந்த வழி பொதுவாகச் செல்லாது.

மனு எழுதத் தெரியாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.