மருத்துவச்சி மேல் விழுந்த கொலைப்பழி



1592-ஆம் ஆண்டு ஜேம்ஸ் லங்காஸ்டர் என்ற ஆங்கிலேய மாலுமி நம் பினாங்குத் தீவில் வந்து தங்கினார். அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் எலிசபெத் ராணி. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் நாட்டில் ஒரு குழந்தையின் சாவு கொலை வழக்காக மாறியது.

எசெக்ஸ் வட்டாரத்தில் செயின்ட் ஓசித் கிராமம். அங்கே பேறு பார்த்து, கைவைத்தியமும் செய்து வந்தவர் உர்சுலா கெம்ப். கிரேஸ் தர்லோ என்ற பெண் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவரை அழைக்கவில்லை. அதில் இருவருக்கும் மனத்தாங்கல். பிறகு அந்தக் கைக்குழந்தை தொட்டிலிலிருந்து விழுந்து, கழுத்து முறிந்து இறந்தது. வைத்தியக் கூலி 12 பென்னிக்காக இன்னொரு சண்டை வேறு.

சூனியத்தால் குழந்தையைக் கொன்ற பழி உர்சுலா மேல் விழுந்தது. அவருடைய எட்டு வயது மகனே சாட்சி: அம்மாவிடம் இரண்டு பூனை, ஒரு தேரை, ஒரு ஆட்டுக்குட்டி வடிவில் பேய்கள் இருக்கின்றனவாம்! ஒப்புக்கொண்டால் சலுகை கிடைக்கும் என்றார் விசாரித்த பிரையன் டார்சி. உர்சுலா அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். கிடைத்ததோ தூக்கு, 1582-இல்.

சூனியத்துக்கு மரண தண்டனை தரும் சட்டத்தை இங்கிலாந்து 1736-இல்தான் கைவிட்டது. நேயர்களே, யார் மேலாவது செய்வினைப் பழி கிளம்பினால், நம்புவதற்கு முன் ஆதாரம் கேளுங்கள்.