அந்த ஐந்து வருடங்கள்

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சிறு கிராமம் எங்களுடையது. 2013-ல், "வேலை தேடிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போன என் கணவர் திரும்பி வரவே இல்லை. வேறு குடும்பம் நடத்துகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3.

நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று கிடைத்ததற்கெல்லாம் போனேன். ராத்திரியில் ஜாக்கெட் தைத்தேன். புடவைக்கு ஃபால்ஸ் அடித்தேன். மகளுக்குப் பள்ளியில் மதிய உணவு, மகனுக்கு அங்கன்வாடியில் சாப்பாடு, வீட்டுக்கு ரேஷன் அரிசி. பட்டினி இல்லை. ஆனால் ஒரு காய்ச்சல் வந்தால் கைமாற்றுதான்.

உதவித்தொகை கேட்டுப் போனேன். "புருஷன் விட்டுட்டுப் போய் அஞ்சு வருஷம் ஆகணும்மா. இல்லேன்னா கோர்ட்டுல பிரிஞ்சதுக்குப் பேப்பர் வேணும்" என்றார்கள். விதவைக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. பிள்ளைகளின் வயிற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? 2018-ல்தான் மாதம் 1000 ரூபாய் கிடைத்தது. அதற்கும், அவர் எப்போது போனார் என்பதற்கு அக்கம்பக்கத்தார் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஐந்து வருடக் கணக்கு உதவித்தொகைக்குத்தான். ஜீவனாம்சம் கேட்க அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. விவாகரத்து ஆகாவிட்டாலும் நமக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற பயமும் வேண்டாம். 1987-ம் வருட சட்டப் பணிகள் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும். மானம் போய்விடும் என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில் நஷ்டம் என் பிள்ளைகளுக்குத்தான். விட்டுப் போன உடனே காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் உதவும்.

"அப்பா எங்கேன்னு கேட்டா என்னம்மா சொல்றது?" என்று மகள் ஒருநாள் அழுதாள். "விட்டுட்டுப் போயிட்டார்னு உள்ளதைச் சொல்லு. தப்பு நம்ம மேல இல்ல" என்றேன். அதன் பிறகு அவள் அழவில்லை.

அரசுப் பள்ளியில் படித்ததால், 2023-ல் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே வந்தது. முதல் மாதப் பணத்தில் தம்பிக்குச் செருப்பு வாங்கி வந்தாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

- ஒரு வாசகி, உத்திரமேரூர்.