சத்திரசிகிச்சைக்குப் பின் நேரும் மரணம்

அசோக் நகரிலே ஒரு குடும்பம், தன் உற்றாரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பி, அவரைத் திரும்பப் பெறாமற்போகும்போது, துக்கத்தினூடே எழுப்பும் கேள்வி, இது தவிர்க்கக்கூடியதுதானா என்பதே; அக்கேள்வியை மருத்துவத்துறை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் முறைக்கு மரணத் தணிக்கை என்று பெயர்.

இத்தகைய சுயபரிசோதனைக்கு முன்னோடியான பாஸ்டன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மன், 1911 முதல் 1916 வரை தம் சொந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளிகளின் விருத்தாந்தங்களைப் பரிசீலித்து, அவற்றிற் கண்ட 123 தவறுகளைப் பகிரங்கமாக அச்சிட்டார். வைத்திய சரித்திரத்தில் இதனினும் மேலான தைரியத்தை நான் அறியேன். நம் சென்னையிலும், பிரசவ மரணங்களின் காரணங்களை டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் 1930களிலேயே ஆராய்ந்திருக்கிறார். இன்று தமிழகத்தில், சிசேரியனுக்குப் பிந்தியவை உட்பட, தாய்மார் மரணங்கள் தணிக்கைக்கு உள்ளாகின்றன.

இத்தணிக்கையில், மயக்கமருந்துக் குறிப்பு, ரத்தம் வந்து சேர்ந்த நேரம், இரவில் நாடித்துடிப்பு ஏறியபோது மூத்த வைத்தியர் எப்போது அழைக்கப்பட்டார் என்னும் விவரம் ஆகிய யாவற்றையும் கால வரிசையில் வைத்து நோக்கும்போதுதான், அறுவைக்கூடத்துக்கு வெளியே நேர்ந்த தாமதங்களும் வெளிப்படும். ஆயினும் மரணங்களை மாத்திரம் எண்ணுவது அநீதி. கடும் நோயாளிகளை மறுக்காமல் ஏற்கும் அரசு ஆஸ்பத்திரியை, மொத்தச் சிகிச்சைகளின் எண்ணிக்கையோடும் நோயின் தீவிரத்தோடும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.