இணைய நிறுவனங்களின் முதல் அலை: மூலதனம் சென்ற வழி

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் முதன்முறையாக விற்பனைக்கு வந்தன. இணையத்தைப் பார்வையிட உதவும் மென்பொருளைத் தயாரித்த இந்நிறுவனம் தொடங்கப்பெற்று அப்போது பதினாறு மாதங்களே ஆகியிருந்தன. இலாபம் எதுவும் ஈட்டப்படவில்லை. எனினும், 28 டாலருக்கு வெளியிடப்பட்ட பங்கு அன்று மாலை 58 டாலருக்கு மேற்பட்ட விலையில் நின்றது. பங்கு வெளியீட்டுக்கு இலாபம் ஒரு முன்நிபந்தனை அன்று என்ற எண்ணம் முதலீட்டாளரிடையே வேரூன்ற இந்நிகழ்ச்சி பெரிதும் காரணமாயிற்று.

அடுத்த ஐந்தாண்டுகளில் எழுந்த நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே முறையில் வளர்ந்தன. முதலில் துணிகர மூலதன நிதியங்கள் பணம் தந்தன. ஓரிரு ஆண்டுகளில் பங்குகள் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டன. மொத்தப் பங்குகளில் ஒரு சிறு பகுதியே சந்தைக்கு வந்தது. எஞ்சிய பங்குகளை வைத்திருந்த நிறுவனர்களும் நிதியங்களும் வழக்கமாக 180 நாட்கள்வரை அவற்றை விற்க முடியாது. அளிப்பு குறைவாகவும் தேவை மிகுதியாகவும் இருந்தமையால் விலை ஏறியது. ஏறிய விலையே நிறுவனத்தின் தகுதிக்குச் சான்றாகவும் கொள்ளப்பட்டது! 1995இன் நடுப்பகுதியில் 1,000 அளவில் இருந்த நாஸ்டாக் குறியீட்டெண், 2000ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் 5,048 ஆக உயர்ந்தது.

முதலில் பரவுவது, பின்னர் இலாபம் காண்பது என்பதே அந்நாளைய கோட்பாடு. இதனை முற்றிலும் அறிவீனம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஈபே நிறுவனம் நடத்திய ஏலச் சந்தையில் விற்போர் பெருகப் பெருக வாங்குவோர் பெருகினர். வாங்குவோர் பெருகியதால் விற்போர் மேலும் வந்தனர். சரக்கை நிறுவனம் வாங்கி வைக்கவேண்டிய தேவையும் இல்லை. இத்தகைய தொழிலில் முந்திக்கொள்பவருக்கு நிலையான அனுகூலம் உண்டு. அரிசியையும் காய்கறியையும் வீடுதேடிக் கொண்டுசேர்க்கும் தொழிலின் தன்மை வேறு. அங்கு ஒரு வாடிக்கையாளர் சேர்வதால் மற்றொரு வாடிக்கையாளருக்கு நேரடிப் பயன் இல்லை; வண்டியும் ஓட்டுநரும் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.

பண்டகசாலையின் கணக்கு

வெப்வான் நிறுவனத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். லூயி போர்டர்ஸ் என்பவர் 1996இல் தொடங்கிய இந்நிறுவனம், 1999 ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மளிகைப் பொருள் விநியோகத்தைத் தொடங்கியது. வாடிக்கையாளர் குறிப்பிடும் அரைமணி நேர இடைவெளிக்குள் பொருள் வீடு வந்துசேரும் என்பது அதன் உறுதிமொழி. ஓக்லண்டில் அமைந்த தானியங்கிப் பண்டகசாலை நாளொன்றுக்கு 8,000 ஆர்டர்களைக் கையாளும் வகையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. அங்கு வேலை தொடங்கிய சில வாரங்களுக்குள், பிற நகரங்களிலும் இத்தகைய பண்டகசாலைகளைக் கட்ட பெக்டெல் நிறுவனத்துடன் சுமார் 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. முதல் பண்டகசாலை தன் செலவை ஈடுகட்டுமா என்பது அறியப்படாத நிலையில் செய்யப்பட்ட ஏற்பாடு இது. நவம்பரில் பங்கு வெளியீட்டின் மூலம் 37.5 கோடி டாலர் திரட்டப்பட்டது.

இயந்திரங்கள், கட்டடம், வண்டிகள் ஆகியவற்றின் செலவு ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாறுவதில்லை. முழுக் கொள்ளளவில் இயங்கினால் அச்செலவு பல ஆயிரம் கூடைகளின்மீது பரவி ஒவ்வொன்றுக்கும் சிறிதாகும்; ஆர்டர்கள் குறைந்தால் அதே செலவு சில கூடைகளின்மீது ஏறும். மளிகை வணிகத்தில் இலாப விளிம்பு எப்போதுமே மிகக் குறுகியது. வெப்வானுக்கு வந்த ஆர்டர்கள் கொள்ளளவுக்கு வெகுவாகக் குறைந்தே நின்றன. 2001 ஜூலையில் நிறுவனம் மூடப்பட்டபோது அதன் நட்டம் 80 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. சுமார் 2,000 ஊழியர்கள் வேலை இழந்தனர். வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை விற்ற பெட்ஸ்.காம் 2000 பிப்ரவரியில் பங்கு வெளியிட்டு அதே ஆண்டு நவம்பரில் கடையை மூடியது.

1999 ஜூன் முதல் அமெரிக்க மைய வங்கி தன் வட்டி வீதத்தைப் படிப்படியாக உயர்த்தி 2000 மே மாதத்தில் 6.5 சதவீதமாக்கியது. புதிய மூலதனம் அருகியதும், அதனையே நம்பி நட்டத்தில் இயங்கிய நிறுவனங்கள் சாய்ந்தன. அமேசானின் பங்கும் 100 டாலருக்கு மேலிருந்து 2001இல் 6 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆனால் அந்நிறுவனம் 2000 பிப்ரவரியிலேயே, அதாவது சரிவுக்குச் சில வாரங்கள் முன்பு, ஐரோப்பாவில் 69 கோடி யூரோ கடன் திரட்டியிருந்தது. அதன் பிழைப்பில் திறமைக்கு இருந்த பங்கு இந்தக் கால நிர்ணயத்துக்கும் உண்டு. 2002 அக்டோபரில் நாஸ்டாக் குறியீட்டெண் 1,114 ஆகத் தாழ்ந்தது.

இழப்பு எவருடையது?

பங்கு விலை வீழ்ச்சி முழுவதையும் சமுதாயத்தின் இழப்பாகக் கொள்வது பிழை. உச்சத்தில் விற்றவரின் ஆதாயமே உச்சத்தில் வாங்கியவரின் நட்டம். சேமிப்பை முதலிட்ட சிறு முதலீட்டாளர்கள் பலர் இரண்டாம் வகையினர். இது கைமாற்றம். ஆட்களின்றி நின்ற பண்டகசாலையில் செலவான இரும்பும் உழைப்பும்தான் மெய்யான இழப்பு.

இந்தியாவிலும் இவ்வலை வீசியது. 1998 நவம்பரில் இணையச் சேவையில் தனியார் அனுமதிக்கப்பட்டனர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் இடம்பெற்றது. அடுத்த மாதமே இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்க உடன்பட்டது. வாங்கப்பட்ட நிறுவனத்தின் ஆண்டு வருவாயோடு ஒப்பிட இயலாத தொகை இது.

எனினும், இந்தியாவுக்கு அதிகப் பயன் விளைத்தது வேறொன்று. இணையப் போக்குவரத்து எல்லையின்றிப் பெருகும் என்ற அதே நம்பிக்கையில் கடலடியில் ஒளியிழைக் கம்பிவடங்கள் பெருஞ்செலவில் இடப்பட்டன. தேவை அவ்வளவு விரைவில் வளரவில்லை, உரிமையாளர்கள் நொடித்தனர். ஃப்ளாக் நிறுவனத்தை ரிலையன்ஸ் குழுமம் 20.7 கோடி டாலருக்கு வாங்க 2003இல் உடன்பாடு செய்தது. டைக்கோ நிறுவனம் 200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு அமைத்த உலகக் கம்பிவட வலையமைப்பை, டாட்டா குழுமத்தின் வசமாகியிருந்த விதேஷ் சஞ்சார் நிகம் 13 கோடி டாலருக்கு வாங்கி 2005இல் கைக்கொண்டது. கம்பிவடத்தை இட்டவரின் பணம் மீளவில்லை. கடலடியில் கிடந்த கம்பிவடம் வேலை செய்துகொண்டிருந்தது.